‘வாடிவாசல்’ முடிவு: ஜமீன்தார் காரியைச் சுட்டது ஏன்?

சி. சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டு நாவலான ‘வாடிவாசல்’ முடிவில் ஜமீன்தார் தம் காளையான காரியைச் சுட்டது அதன் மீதுள்ள வெறுப்பால் அன்று. ஊரே பார்க்க அது பிடிபட்டதில் தம்முடைய மானம் போய்விட்டதாக அவர் கருதியதால்தான். காரியை அடக்கி மாடுபிடி வீரன் பிச்சி வென்ற பிறகும் மனம் கனக்கிறதே, கதையைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, மிகச் சரியாகவே படித்திருக்கிறீர்கள்.

இதைத் தந்தைக்காக மகன் பழிதீர்க்கும் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டதால் முடிவு உங்களைத் திகைக்க வைத்திருக்கலாம். தன் தந்தை அம்புலியின் சாவுக்குக் காரணமான காரியைப் பிச்சி அடக்கியதும் அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது; ஆனால் செல்லப்பா அங்கே நிறுத்தவில்லை. பிச்சியும் காரியும் தத்தம் உயிரைப் பணயம் வைத்து மோதுகிறார்கள். ஜமீன்தாரோ களத்தில் இறங்காமலே, காளையின் கொம்பில் தம் கௌரவத்தை ஏற்றி வைத்துவிட்டு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தோற்றது அவருடைய அந்தஸ்து, உயிர் போனது காரிக்கு. இந்த அநியாயம்தான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

சிறிய நாவல்தான், இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இம்முறை திமிலை அணையும் காட்சிகளில் லயிக்காமல், ஜமீன்தார் வரும் இடங்களையும், அவர் முன்னிலையில் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எங்கே அடங்கிப்போகிறார்கள் என்பதையும் மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாருங்கள். முடிவு எங்கிருந்து வளர்ந்து வந்தது என்பது உங்களுக்கே பிடிபடும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இது 1959இல் வெளிவந்த, ஜமீன் காலத்துக் கதை. இந்த ஜமீன்தாரை வைத்து இன்றைக்குக் காளை வளர்ப்பவர்களை எடைபோட வேண்டாம். 2017ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பற்றிய வாதங்களுக்கும் இதைச் சான்றாக்க வேண்டாம்.