பெட்டிக்குள் வரும் பொம்மை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது, துரித உணவகங்களின் குழந்தைகள் உணவுப் பெட்டிகளோடு கிடைத்த பொம்மைகளை ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை 1990களைச் சேர்ந்தவை. சிலவற்றின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இணையத்தில் இதே பொம்மைகளுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்த விலை கிடைக்குமா?

பதில்: அநேகமாகக் கிடைக்காது. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. இபே போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் எந்தப் பொருளுக்கும் வாய்க்கு வந்த விலையைப் போட்டு வைக்கலாம். அங்கேயே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டிப் பார்த்தால், ஆயிரங்கள் மறைந்து ஓரிரு டாலர்களே மிஞ்சுவதைக் காண்பீர்கள்.

இதற்கான காரணம் அந்தக் காலத்திலேயே இருக்கிறது. 1997 ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ‘டீனி பீனி பேபீஸ்’ என்ற சிறிய துணிப் பொம்மைகளைக் குழந்தைகள் உணவோடு கொடுத்தது. ஐந்து வாரங்களுக்கென்று திட்டமிட்டுத் தயாரித்த ஏறத்தாழ 10 கோடி பொம்மைகள் இரண்டு வாரங்களில் தீர்ந்துபோயின. வாங்கியவர்களில் பெரியவர்கள் ஏராளம். பின்னாளில் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அவர்கள் உறையைப் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? பெரும்பாலோர் தூக்கியெறிந்தவைதான் பிற்காலத்தில் அரிதாகின்றன. ஆகவே உங்களிடம் பொம்மை வந்த காகிதப் பெட்டி மடிப்புக் குலையாமல் இருந்தால், உள்ளே இருந்த பொம்மையைவிட அதையே சேகரிப்பாளர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். கடையில் பார்வைக்கு வைத்திருந்த காட்சிப் பலகை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று தனியாகவும் குறைவாகவும் தயாரித்த பொம்மைகள், ஒன்றுகூடக் குறையாத முழுத் தொகுப்பு ஆகியவற்றுக்கும் ஓரளவு மதிப்பு உண்டு.

விலை கேட்பதற்கு முன் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பாதத்திலோ முதுகிலோ உரிமையாளர் பெயரும், தயாரித்த நாடும், ஓர் ஆண்டும் பொடி எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டு பல நேரங்களில் அந்தக் கதாபாத்திரத்தின் பதிப்புரிமை ஆண்டே தவிர, பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அன்று. இதை அறியாமல் பத்தாண்டு பழமையைக் கூட்டிச் சொல்லும் விற்பனையாளர்கள் நிறைய இருக்கிறார்கள். அறிந்தே சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: உணவோடு பொம்மை கொடுக்கும் இந்த யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது?

பதில்: மெக்டொனால்ட்ஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் ‘பர்கர் ஷெஃப்’ என்ற உணவகத் தொடர் 1973இலேயே ‘ஃபன்மீல்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான உணவையும் சிறு விளையாட்டுப் பொருளையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. குவாத்தமாலாவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை நடத்திய யோலாண்டா ஃபெர்னாண்டஸ் டி கோஃபினியோ, 1970களின் நடுப்பகுதியில் குழந்தைகளுக்கென்று அளவு குறைந்த உணவையும் ஒரு பரிசையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் செயின்ட் லூயிஸ் பகுதி விளம்பர மேலாளரான டிக் பிராம்ஸும், கான்சஸ் நகர விளம்பர நிறுவனத் தலைவர் பாப் பெர்ன்ஸ்டைனும் இதற்கு உருக்கொடுக்க, 1979 ஜூனில் சர்க்கஸ் வண்டி போல் அச்சிட்ட பெட்டியில் ‘ஹேப்பி மீல்’ நாடெங்கும் வந்தது. பர்கர் ஷெஃப் வழக்குத் தொடுத்தும் வெல்ல முடியவில்லை.

அந்த முதல் பெட்டிகளில் இருந்தவை அழிப்பான், வரைவதற்கான அச்சுத்தகடு, கைப்பட்டை போன்ற எளிய பொருள்களே. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தை ஒட்டி வெளியான பெட்டிதான் உண்மையான திருப்பம் என்பது என் எண்ணம். அதன்பிறகு பொம்மையின் நாள்காட்டியைத் திரைப்பட வெளியீடுகள் தீர்மானிக்கத் தொடங்கின. குழந்தை கேட்பது ‘ஒரு பொம்மை’ என்றிருந்த நிலை மாறி, ‘இந்த வாரம் வரும் இந்தப் பொம்மை’ என்றானது.

கேள்வி: என் மகனுக்கு எட்டுப் பொம்மைகள் கொண்ட ஒரு தொகுப்பை முடித்தாக வேண்டும். ஐந்தை எளிதாகச் சேர்த்துவிட்டோம். அதற்குப்பின் எத்தனை முறை போனாலும் இருப்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றுகிறது.

பதில்: ஏமாற்று எதுவும் தேவையில்லை, அந்த வேலையைக் கணக்கே செய்துவிடுகிறது. எட்டுப் பொம்மைகளும் சம வாய்ப்புடன், எது வருமென்று தெரியாதபடி கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிடைப்பது எதுவானாலும் புதியதே. இரண்டாவதாக ஒரு புதிய பொம்மை கிடைக்கும் வாய்ப்பு எட்டில் ஏழு. இப்படியே குறைந்துகொண்டு போய், கடைசிப் பொம்மைக்கான வாய்ப்பு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால், முதல் நான்கு வேறுபட்ட பொம்மைகளைச் சேர்க்கச் சராசரியாக ஐந்து பெட்டிகள் போதும். மீதமுள்ள நான்குக்கு ஏறத்தாழ 17 பெட்டிகள் வேண்டும். மொத்தம் 22. அந்த ஒரே ஒரு கடைசிப் பொம்மைக்கு மட்டும் சராசரியாக எட்டுப் பெட்டிகள் ஆகும். ‘பாதி சேர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான்’ என்று நமக்குத் தோன்றும் இடத்தில், உண்மையில் செலவின் கால்பங்கைக்கூட நாம் கடந்திருப்பதில்லை.

கடைகள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என முறைவைத்துக் கொடுத்தால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அப்போது வேறொரு நெருக்கடி வருகிறது. ஒரு வாரம் தவறினால் அந்தப் பொம்மை போனது போனதுதான். இரண்டு முறைகளிலும் விற்கப்படுவது பொம்மை அன்று, தொகுப்பில் உள்ள ஓட்டை என்பதைக் கவனியுங்கள். உறையின் பின்பக்கத்திலோ உள்ளே வைத்த துண்டுச் சீட்டிலோ எட்டுப் பொம்மைகளையும் வரிசையாக அச்சிட்டிருப்பதன் நோக்கமும் அதுவே. குழந்தை கையில் இருக்கும் ஒன்றைப் பார்ப்பதற்கு முன் இல்லாத ஏழு பொம்மைகளைப் பார்த்துவிடுகிறது.

உங்கள் மகனுக்கு மீதமிருப்பவை மூன்றுதான் என்றால், இரட்டையாக உள்ளவற்றை நண்பர்களோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பல கடைகளில் கேட்டால் எந்தப் பொம்மை வேண்டுமென்று தெரிந்தெடுக்க விடுவார்கள். சில இடங்களில் உணவு வாங்காமல் பொம்மையை மட்டும் தனி விலைக்கும் தருவார்கள். இப்படி வாங்கினால் கடைசி மூன்றுக்கு மூன்று விலைதான், பத்துப் பதினைந்து பெட்டிகள் அல்ல. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: மூத்தவளுக்கு ஏழு வயது; இளையவனுக்கு ஒன்றரை. அக்காவின் பொம்மைகளையெல்லாம் தம்பி வாயில் வைக்கிறான். உணவகத்தில் கொடுப்பவை பாதுகாப்பைச் சோதித்த பின்தானே வருகின்றன?

பதில்: சோதித்துத்தான் வருகின்றன, ஆனால் எந்த வயதுக்கென்று சோதித்தார்கள் என்பதே கேள்வி. ‘மூன்று வயதுக்கு மேல்’ என்று உறையில் அச்சிட்டிருந்தால், அதிலிருந்து கழன்று விழும் துண்டு உங்கள் இளையவனின் தொண்டையை அடைக்காது என்று யாரும் உறுதி கூறவில்லை என்றே பொருள். ஆய்வகங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. வீட்டில் கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம். அது சற்றே அகலமானது என்பதால், அதில் நுழைபவற்றை ஒதுக்கிவிட்டால் நீங்கள் எச்சரிக்கையின் பக்கமே நிற்பீர்கள்.

ஆனால் அளவு மட்டும் ஆபத்தைச் சொல்லிவிடாது. 1999இல் பர்கர் கிங், போக்கிமான் பொம்மைகளை இரண்டு பாதிகளாகத் திறக்கும் பிளாஸ்டிக் பந்துகளில் வைத்துக் கொடுத்தது. பந்து தொண்டைக்குள் போகும் அளவுள்ளது அன்று. ஆயினும் கலிபோர்னியாவில் 13 மாதக் குழந்தை ஒன்றின் மூக்கையும் வாயையும் பந்தின் ஒரு பாதி கிண்ணம் போல் கவ்விக்கொண்டதில் அந்தக் குழந்தை மூச்சுத் திணறி இறந்தது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். திருப்பித் தருபவர்களுக்கு ஒரு சிறிய உருளைக்கிழங்கு வறுவல் இலவசம் என்றார்கள். அந்தப் பரிமாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. 2016இல் மெக்டொனால்ட்ஸ் கொடுத்த நடை அளக்கும் கைப்பட்டைகள் தோலில் எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கியதால், அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.9 கோடிப் பட்டைகள் திரும்பப் பெறப்பட்டன.

ஒளிரும், ஒலிக்கும் பொம்மைகள் இருந்தால் அவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடக்கூடும். மின்கல மூடியின் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் அல்ல, திருப்புளியால் பாருங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காத்திருந்து பார்க்கும் விஷயம் அன்று.

கேள்வி: பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது சில பொம்மைகள் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஒட்டுபவை மென்மையான பிவிசி பொம்மைகளாக இருக்கும். பிவிசியை நெகிழவைக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற வேதிப்பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். சாராயம் கலந்த கரைசல்களைக் கொண்டு துடைத்தால் கண்ணும் புருவமும் அழிந்துபோகும், ஏனென்றால் அவை வெறும் மை அச்சுகளே. கழுவினாலும் சில மாதங்களில் மறுபடி ஒட்டக்கூடும். மென்மையான பொம்மைகளைக் கடினமான பிளாஸ்டிக் பொம்மைகளோடு உரசும்படி வைக்காதீர்கள். கசிவு மற்றதையும் இளக்கிவிடும். வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு 44 வயது. இந்தப் பொம்மைகளைச் சேர்க்கிறேன். இது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: ஆம். உணவை வீணாக்காதவரை அதில் குற்றமில்லை.

கேள்வி: பொம்மையைக் காட்டிக் குழந்தைகளை இத்தகைய உணவுக்கு இழுப்பதை அரசுகள் தடுக்க முடியாதா?

பதில்: சில அரசுகள் முயன்றிருக்கின்றன. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம், கலோரி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கு வரம்பிட்டு, அதற்கு உட்படாத உணவோடு இலவசப் பொம்மை தரக்கூடாது என்ற விதியை 2011 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. மெக்டொனால்ட்ஸ் என்ன செய்தது தெரியுமா? பொம்மைக்கு 10 சென்ட் விலை வைத்து, அந்தத் தொகையை அறப்பணிக்குத் தருவதாக அறிவித்துவிட்டது. சட்டம் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. நிறுவனம் அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டது. சிலி நாடு 2016இல் இன்னும் இறுக்கமாக, சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த உணவுகளைப் பொம்மைகொண்டு விற்பதையே தடை செய்தது. பிரான்ஸ் 2022 ஜனவரி முதல் குழந்தைகள் உணவோடு இலவசமாக பிளாஸ்டிக் பொம்மை தருவதைத் தடுத்திருக்கிறது. ஆனால் அதன் அக்கறை உணவைப் பற்றியது அன்று, குப்பையைப் பற்றியது.

நிறுவனங்கள் இதை எளிதில் விடமாட்டா. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் திரட்டிய கணக்கின்படி, 2006ஆம் ஆண்டில் துரித உணவு நிறுவனங்கள் பொம்மைகளுக்காக 36 கோடி டாலர் செலவிட்டு, 120 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் உணவுகளைப் பொம்மையோடு விற்றன. பெட்டிக்குச் சுமார் 30 சென்ட் என்றாகிறது. குழந்தை தனியாக உணவகத்துக்கு வருவதில்லை. கூடவே பெரியவர்களும் வந்து சாப்பிடுகிறார்கள் என்பதை நினைத்தால், இதைவிட மலிவான விளம்பரத்தைக் காண்பது அரிது. தடைக்குக் காத்திராமல், ‘பொம்மை வேண்டுமானால் பொம்மை வாங்கலாம், பசித்தால் சாப்பிடலாம்’ என்று இரண்டையும் வீட்டிலேயே பிரித்துவிடுவது பெற்றோரால் ஆகக்கூடியது.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். 2025 ஆகஸ்டில் ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் உணவோடு போக்கிமான் அட்டைகளைக் கொடுத்தபோது, மறுவிற்பனையாளர்கள் மொத்தமாக வாங்கி அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உணவைக் குப்பையில் போட்டார்கள். அட்டைகள் தீர்ந்து பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

கேள்வி: வீட்டில் குவிந்துவிட்ட பொம்மைகளை மறுசுழற்சிக்குப் போடலாமா?

பதில்: பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளங்கை அளவுள்ள ஒரு பொம்மையில் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும், வண்ண மையும், ஓர் இரும்புச் சுருள்வில்லும், சில நேரம் மின்சுற்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கும் கூலி பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும். பிரிட்டனில் பர்கர் கிங் 2019இல் பிளாஸ்டிக் பொம்மைகளை நிறுத்தி, பழையவற்றைத் திரும்ப வாங்கி உருக்கியது. மெக்டொனால்ட்ஸ் 2025 இறுதிக்குள் புதைபடிவ எரிபொருளிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கைப் பொம்மைகளில் பெருமளவு குறைப்பதாக 2021இல் அறிவித்தது. அதனால்தான் இப்போது அட்டைப் புதிர்களும் மடித்துச் செய்யும் காகித உருவங்களும் மிகுதியாக வருகின்றன. உங்களிடம் உள்ளவற்றில் உடையாதவற்றைக் கழுவி, மழலையர் பள்ளியிலோ மருத்துவரின் காத்திருப்பு அறையிலோ வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் மின்கலங்களைக் கழற்றிவிடுங்கள். அவற்றை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.