கொழிஞ்சாம்பாறையிலிருந்து வளைகுடா எவ்வளவு தூரம்? கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்தில் கோவை எல்லையை ஒட்டிய நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பல ஆண்டுகளாக விமானச் சீட்டுப் பதிவு செய்து கொடுத்துவரும் அனுபவத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

வேலந்தாவளம் தம்பி: அண்ணா, கோவையிலிருந்து சார்ஜாவுக்கு அதிகாலை 4 மணிக்கு ஏறினால் 6.30-க்கு இறங்கலாம் என்று சீட்டில் இருக்கிறது. திரும்பும்போது ஐந்தரை மணி நேரம் ஆகிறதே, சுற்றுவழியா?

வழி ஏறக்குறைய ஒன்றுதான், தம்பி. புறப்படும் ஊருக்கும் இறங்கும் ஊருக்கும் அந்தந்த ஊர் நேரத்தையே சீட்டில் அச்சிடுவார்கள். அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், போகும்போது அதைக் கூட்டியும் வரும்போது கழித்தும் பாருங்கள். இரண்டு பக்கமும் 4 மணி நேரம்தான். நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் போதும் என்றாலும், ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்த்தே நேரம் குறிப்பார்கள். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். அதனால் சில நிமிடங்கள் மாறும்.

மீனாட்சிபுரம் அக்கா: துபாய்க்கு நெடும்பாசேரியில், அதாவது கொச்சி விமான நிலையத்தில், ஏறினால் கட்டணம் குறைவு என்கிறார்கள். கோவையை விட்டு அங்கே போகலாமா?

வானத்தில் தூரம் இரண்டிலிருந்தும் ஏறக்குறைய ஒன்றே, அக்கா, வித்தியாசம் தரையில்தான். நமக்குக் கோவை பக்கம், நெடும்பாசேரியோ 100 கிலோமீட்டருக்கு மேல். பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்ற காலம் 2021-இல் சுரங்கப்பாதை திறந்தபின் போய்விட்டது. ஆனாலும் வாடகை வண்டி, பன்னியங்கரை சுங்கம், ஓட்டுநர் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு மிச்சம் நின்றால் மட்டும் போங்கள். கோவையிலிருந்து மும்பை வழியாக மாறிப் போகும் சீட்டைவிட, கொச்சியிலிருந்து நேராகப் போவதே மேல்.

வண்ணாமடையிலிருந்து ஒருவர்: முழங்கால் வலியுள்ள அப்பாவைச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும். விமானத்தில் ஒரு மணி நேரம்தானே, ஐயா?

பறக்கும் நேரம் மட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். கோவைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர்; தண்டவாளத்தில் ஏறக்குறைய 500. வீட்டிலிருந்து பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையம் போக ஒன்றரை மணி, அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு, பறப்பது ஒன்றேகால் மணி, பெட்டி எடுத்து மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் போக ஒரு மணி என்று கூட்டினால் ஆறு மணியை நெருங்கும். பாலக்காடு சந்திப்பில் இரவு ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தால், அப்பா காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போய்விடலாம். நான் அதையே சொல்வேன். அவசர வேலையென்றால் விமானம்தான். சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவின்போதே குறிப்பிடச் சொல்லுங்கள்.

கோபாலபுரம் தம்பி: 15-ஆம் தேதி 00.40 மணி என்றால் எப்போது கிளம்ப வேண்டும்?

14-ஆம் தேதி இரவு. 00.40 என்பது நள்ளிரவு தாண்டி 40 நிமிடம்; அப்போதுதான் 15-ஆம் தேதி பிறந்திருக்கும். இதைக் கேட்டது மிகவும் நல்லது. என் சித்தப்பா இதே மாதிரிச் சீட்டோடு, ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டி கட்டி, 15 இரவு போய் நின்றார். விமானம் முந்தைய இரவே போயிருந்தது. அன்றிலிருந்து யாருக்குச் சீட்டுக் கொடுத்தாலும் பின்பக்கம் பேனாவால் எழுதிவிடுகிறேன்: "14 இரவு, வீட்டிலிருந்து 8 மணி."