பொழுதுபோக்கு மோட்டார் படகுக்கு நம்பகமான பேட்டரி எது? எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்காக 19 அடி பவர்போட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள், உள்ளே வி6 பெட்ரோல் எஞ்சின், பேட்டரி ஒன்றே ஒன்று. மதியம் நங்கூரம் போட்டுவிட்டு குடும்பத்தோடு பாட்டு கேட்டு, நீந்தி, சாப்பிட்டு முடித்தால் சாயங்காலம் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. எந்த கம்பெனி பேட்டரி வாங்கினால் நம்பிப் போகலாம் என்று கேட்கிறீர்கள்.

நானும் அதே ஏரியில்தான் படகு விடுகிறேன். கம்பெனியை மாற்றினால் இது தீராது என்பதுதான் என் பதில். ஒரு பேட்டரியை இரண்டாக்குங்கள். ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும், மற்றது பாட்டு, ஃபிரிட்ஜ், விளக்கு, மீன் தேடும் கருவி எல்லாவற்றுக்கும். விலை உயர்ந்த ஒரே பேட்டரிக்கு நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பணத்தில் நடுத்தர விலையில் இரண்டு வாங்க முடியும், அது எந்தப் பெரிய பெயரையும்விட உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கும். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஏரி அது, பிற்பகலில் காற்று எழுந்தால் அலை சட்டென்று உயரும். அந்த நேரத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எஞ்சின் இல்லாமல் மிதப்பது விளையாட்டு இல்லை.

ஏன் இரண்டு என்றால், வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் இந்த இரண்டு வகைக்கும் உள்ளே அமைப்பே வேறு. ஸ்டார்ட்டிங் பேட்டரியில் ஈயப் பிளேட்டுகள் மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும், பரப்பு அதிகம் என்பதால் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளித் தரும். ஆனால் அதை முழுதாக வடிய விட்டால் பிளேட்டிலுள்ள பொருள் உதிர ஆரம்பிக்கும், சில தடவை அப்படி ஆனாலே ஆயுள் போய்விடும். டீப் சைக்கிள் பேட்டரியின் பிளேட்டுகள் தடிமன். மெதுவாக, மணிக்கணக்கில் கொடுக்கும், வடிந்து வடிந்து ஏறுவதைத் தாங்கும். ஊரில் காருக்கு ஒரு பேட்டரி, கரண்ட் போனால் ஃபேன் ஓட வீட்டு இன்வெர்ட்டருக்கு வேறு பேட்டரி வைக்கிறோமே, அதே வித்தியாசம்தான் இங்கேயும். டூயல் பர்ப்பஸ் என்று ஒன்று விற்பார்கள், இரண்டு வேலையும் ஓரளவு செய்யும். இரண்டாவது பேட்டரிக்கு இடமே இல்லாத சின்னப் படகுக்குச் சரி, உங்களுடையதில் இடம் இருக்கும்.

அடுத்து லேபிளில் உள்ள எண்கள். கடையில் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தரக்கூடிய ஆம்பியர். எம்சிஏ அதே சோதனையை 0 டிகிரியில் செய்வது, அதனால் அதே பேட்டரிக்கு எம்சிஏ எண் கால் பங்கு வரை கூடுதலாகத் தெரியும். சில லேபிள்களில் இன்னும் சூடான நிலையில் அளந்த எச்சிஏ எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒரு பேட்டரியின் சிசிஏவையும் இன்னொன்றின் எம்சிஏவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான பேட்டரிதான் கையில் வரும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், அது சிசிஏவா எம்சிஏவா என்று போட்டிருக்கும், அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் அதிகமாக இறங்கினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது, நீங்கள் பெட்ரோலிலும் பிளக்கிலும் கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது பேட்டரிக்கு, அதாவது வீட்டுச் செலவு மாதிரி மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பேட்டரிக்கு, சிசிஏ ஒரு பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது ஏஎச், அதாவது ஆம்பியர் ஹவர். 100 ஏஎச் என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் என்று அர்த்தம், 25 ஆம்பியர் இழுத்தால் 4 மணி நேரம் வராது, அதற்கு முன்பே தீர்ந்துவிடும். சில பேட்டரியில் ஏஎச் போடாமல் ரிசர்வ் கெப்பாசிட்டி என்று நிமிடக் கணக்கு இருக்கும், அது 25 ஆம்பியர் இழுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது. உங்கள் செலவைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்த பாட்டு சிஸ்டம் சராசரி 5 ஆம்பியர், 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் சராசரி 3, மீன் தேடும் கருவி 1, போன் சார்ஜ், விளக்கு எல்லாம் சேர்த்து 1. மொத்தம் 10 ஆம்பியர். ஐந்து மணி நேரம் நங்கூரத்தில் நின்றால் 50 ஏஎச் காலி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் அது பல வருடம் உழைக்கும், ஆக உங்களுக்கு 100 ஏஎச் வேண்டும். குரூப் 31 என்ற அளவில் அது கிடைக்கும். குரூப் 24, 27, 31 எல்லாம் பெட்டியின் அளவுதான், தரத்தைக் குறிப்பதில்லை, அதனால் வாங்கப் போவதற்கு முன் இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள், மூடி மூடுகிற உயரத்தையும் சேர்த்து.

சரி, எந்த வகை ஈயம்? சாதாரணத் திரவ ஆசிட் பேட்டரி விலை குறைவு, நன்றாகவே உழைக்கும், ஆனால் டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது, பெட்ரோல் எஞ்சின் இருக்கும் மூடிய அறையில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஏஜிஎம் பேட்டரியில் ஆசிட் கண்ணாடி நார்ப் பாயில் ஊறி நிற்கும், சிந்தாது, அலையில் துள்ளும் அதிர்வைத் தாங்கும், சும்மா வைத்தாலும் மெதுவாகத்தான் வடியும். விலை ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை வரும். படகைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் பணம் நியாயமானது என்பது என் கருத்து. ஆசிட் கூழாக இருக்கும் ஜெல் பேட்டரி வேண்டாம், அதற்கு 14.1 வோல்ட் அளவோடு நிறுத்தும் தனிச் சார்ஜிங் வேண்டும், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் சாதாரண ஆல்டர்னேட்டர் அதைத் தாண்டிப் போய்க் கெடுத்துவிடும்.

லித்தியம் பற்றி நிச்சயம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்ல பொருள், அதில் சந்தேகம் இல்லை: 100 ஏஎச் ஈயம் 30 கிலோ என்றால் இது 12, 13 கிலோ, கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தலாம், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். மீன்பிடி படகின் முன்னால் டிரோலிங் மோட்டார், அதாவது படகை மெதுவாக நகர்த்தும் மின் மோட்டார், வைத்திருப்பவர்கள் அதற்கு மாறுவது சரியான முடிவு, அந்த மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். ஆனால் உங்கள் எஞ்சினைக் கிளப்பும் இடத்தில், எஞ்சின் கம்பெனி கையேட்டில் அனுமதித்திருந்தால் ஒழிய, லித்தியத்தை வைக்காதீர்கள். அதனுள் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் இருக்கிறது, ஏதாவது சரியில்லை என்றால் பேட்டரியைத் துண்டித்துவிடும். எஞ்சின் ஓடும்போது அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி அதன் டயோடுகளும் மற்ற கருவிகளும் போகலாம். 0 டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவும் கூடாது. இரண்டாவது பேட்டரியாக வைப்பதென்றாலும் ஆல்டர்னேட்டருக்கும் அதற்கும் நடுவில், சார்ஜை அளவோடு கொடுக்கும் டிசி டு டிசி சார்ஜர் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு பேட்டரி வைத்தால் அவற்றை எப்படி இணைப்பது என்பதில்தான் பாதி நம்பகத்தன்மை இருக்கிறது. பழைய படகுகளில் 1, 2, இரண்டும் என்று திருப்பும் சுவிட்ச் இருக்கும். அது கெட்டது இல்லை, ஆனால் யாராவது 'இரண்டும்' என்ற இடத்திலேயே விட்டுவிட்டால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து காலியாகும், எஞ்சின் ஓடும்போது ஆஃப் பக்கம் திருப்பினால் ஆல்டர்னேட்டர் போகலாம். நினைவில் வைத்துத் திருப்ப வேண்டிய எதுவும் குடும்பம் ஏறும் படகில் நிலைக்காது. அதற்குப் பதில் விஎஸ்ஆர் என்ற வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே ஒன்று போடுங்கள். எஞ்சின் ஓடி ஸ்டார்ட்டிங் பேட்டரி 13 வோல்ட்டைத் தாண்டியதும் இரண்டையும் இணைத்து சார்ஜ் செய்யும், எஞ்சின் நின்று வோல்டேஜ் இறங்கியதும் தானே பிரித்துவிடும். பாட்டு எவ்வளவு நேரம் ஓடினாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடாது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் தானியங்கி பில்ஜ் பம்பை மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு நேரடியாக இரண்டாவது பேட்டரியில் கொடுங்கள், நீங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் மழைத் தண்ணீரை அது வெளியேற்ற வேண்டும்.

பொருத்துவதில் இரண்டு விஷயம். பேட்டரி ஆடக் கூடாது: அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி, 90 பவுண்டு அல்லது பேட்டரியின் எடையைப் போல இரண்டு மடங்கு, இதில் எது குறைவோ அந்த விசையில் இழுத்தாலும் அது எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. ஒன்டாரியோ ஏரிகளில் ஓடும் படகுகளில் நிறைய அங்கே கட்டியவை என்பதால் பழைய படகிலும் அதற்கான தட்டும் பட்டையும் இருந்திருக்க வேண்டும், காணோம் என்றால் முன்னால் வைத்திருந்தவர் கழற்றிப் போட்டிருப்பார், புதிதாக வாங்கிப் போடுங்கள். பாசிட்டிவ் டெர்மினலுக்கு ரப்பர் மூடியும் கட்டாயம். இரண்டாவது, தடித்த ஒயர்களுக்கு கையால் முறுக்கும் சிறகு நட்டு வேண்டாம், அதிர்வில் தளர்ந்துவிடும், லாக் நட் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். சொல்லப்போனால் புது பேட்டரி வாங்குவதற்கு முன்பே டெர்மினல்களைக் கழற்றிச் சுரண்டி, இறுக்கி ஒரு தடவை பாருங்கள், பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப்போடும் பலவற்றில் கோளாறு பச்சை பிடித்த டெர்மினலில்தான் இருக்கும். அப்புறம், எஞ்சின் அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் புளோயரை எஞ்சின் கிளப்புவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் ஓட விட வேண்டும் என்று படகிலேயே ஒட்டியிருக்கும், பேட்டரி வீக்காக இருக்கிறது என்று அதைத் தவிர்க்கும் பழக்கம் யாருக்கும் வரக் கூடாது.

சார்ஜ் விஷயத்தில் ஆல்டர்னேட்டரை மட்டும் நம்பாதீர்கள். 60, 70 ஆம்பியர் என்று அதில் போட்டிருந்தாலும் மெதுவாக ஓடும்போது அதில் ஒரு பகுதிதான் வரும், அதோடு ஈய பேட்டரி கடைசி 20 சதவீதத்தை ஏற்றிக்கொள்ள மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மெரினாவுக்குத் திரும்பும் இருபது நிமிட ஓட்டத்தில் அது நிறையாது, பாதி நிறைந்தபடியே வாரக்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகி, வாங்கிய இரண்டே வருடத்தில் பேட்டரி போகும். ஏஜிஎம் அமைப்பு உள்ள, இரண்டு பேட்டரிக்கும் தனித்தனி வெளியீடு தரும், படிப்படியாக ஏற்றும் மல்டி ஸ்டேஜ் சார்ஜர் ஒன்றைப் படகிலேயே பொருத்தி, கரைக்கு வந்ததும் பிளக்கைச் செருகிவிடுங்கள். இதற்குச் செலவழிக்கும் பணம் பேட்டரியின் ஆயுளில் திரும்பி வந்துவிடும்.

நம் ஊர்க் குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்டோபரில் படகை மேலே ஏற்றும்போது பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து கழற்றி வைத்துவிடுங்கள். முழுதாக ஏறிய ஈய பேட்டரி மைனஸ் 40லும் உறையாது, காலியானது மைனஸ் 10 வருவதற்குள்ளேயே உறைந்து பெட்டி வெடிப்பு விடும். கார் நிறுத்தும் குளிர்ந்த கராஜில் வைத்தால் நல்லது, சூடான இடத்தில் தானாக வடிவது வேகமாக இருக்கும். மாதம் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள்: சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி. 12.4க்கு வந்தால் ஏற்றிவிடுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட பிராண்டு. ஒடிஸி, டெகா, லைஃப்லைன், ஆப்டிமா எல்லாமே நன்றாகச் செய்கிறவர்கள்தான், பென்சில்வேனியாவிலுள்ள ஈஸ்ட் பென் நிறுவனம் செய்யும் டெகா பேட்டரிகள் கடைகளின் சொந்தப் பெயர்களிலும் குறைந்த விலைக்கு வருகின்றன, அதை வாங்கத் தயங்க வேண்டாம். பெயரைவிடத் தயாரித்த தேதியைப் பாருங்கள். பெட்டியில் ஒட்டியோ பொறித்தோ ஒரு குறியீடு இருக்கும், பல கம்பெனிகளில் எழுத்து மாதத்தையும் எண் ஆண்டையும் குறிக்கும், புரியாவிட்டால் கடைக்காரரிடமே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் கிடந்ததை எடுக்காதீர்கள், அதுவும் மீட்டரில் 12.5க்குக் கீழே காட்டினால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். வாரண்டியில் எத்தனை மாதம் முழு மாற்று, எத்தனை மாதம் விகிதக் கணக்கு என்று பிரித்துக் கேளுங்கள், சிலதில் படகில் வைத்தால் வாரண்டியே இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். பழைய பேட்டரியையும் கையோடு கொண்டுபோங்கள், அதைத் திருப்பிக் கொடுத்தால் பில்லில் சேர்த்திருக்கும் கோர் டெபாசிட் கழியும்.