ஒற்றை மூலக்கூறைப் பார்க்க ஒரு பிஎச்.டி.யா?

அம்மா, ஒற்றை மூலக்கூறைப் பார்க்கும் ஒளிச் சென்சார் என்று மகள் பிஎச்.டி.யில் படிக்கப்போவது என்ன, அது சோறு போடுமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள், கூடவே அவள் கல்யாணத்தைப் பற்றியும். உங்களுக்குச் சோற்றுக் கேள்விதான் அவசரம் என்று தெரிகிறது. ஆனால் முதலாவது புரியாமல் அதற்குப் பதில் சொன்னால் ஜோசியமாகிவிடும்.

சாதாரண மைக்ரோஸ்கோப்பில் ஒளியை எவ்வளவு குவித்தாலும் அந்தப் புள்ளி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே சுருங்காது (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஒரு புரதமோ சில நானோமீட்டர்தான். உயிரணுவில் இருப்பதுபோல் கரைசல் அடர்த்தியாக இருந்தால் அந்தப் புள்ளிக்குள் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்து மின்னும். எது என்ன செய்கிறது என்று பிரிக்க முடியாது. தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அரிதாகவே சந்திக்கும். 2003-ல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒரு வழி காட்டியது. கண்ணாடிமேல் மெல்லிய உலோகப் படலம், அதில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னத் துளைகள். ஒளியால் துளைக்குள் பயணிக்க முடியாது, அடியில் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுக்குள் ஒரு நேரத்தில் ஒரு மூலக்கூறுதான் அகப்படும். பேக்பயோ நிறுவனத்தின் மரபணு வாசிக்கும் கருவி இதில் பிறந்ததுதான். உங்கள் மகள் சொல்லும் 'நானோபோட்டானிக் பரப்பு', அதாவது நானோ அளவு வடிவங்களால் ஒளியைக் கட்டுப்படுத்தும் பரப்பு, இதே குடும்பம்.

கேட்க அழகாக இருக்கிறது, சரி. தினப்படி வேலை வேறு. கிளீன் ரூமில், அதாவது தூசி இல்லாத ஆய்வறையில், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அப்புறம் லேசரை நேர்ப்படுத்துவது, பைத்தான் என்ற கணினி மொழியில் தரவை அலசுவது. இவற்றையெல்லாம்விட நேரத்தைத் தின்பது, வேண்டாத புரதங்கள் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வது. சுத்தமான கரைசலில் பளிச்சென்று வேலை செய்த சென்சார், பல புரதங்கள் கலந்த இரத்த சீரத்தில் தடுமாறும். இயற்பியல் படித்த பிள்ளைகள் பலர் இந்த வேதியியலை எதிர்பார்த்துப் போவதில்லை. அவளுக்கு இதில் பொறுமை உண்டா என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியல் இதைச் சொல்லாது.

பணத்துக்கு வருவோம். அவள் விண்ணப்பித்திருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்பு இடம் என்று எழுதியிருந்தீர்கள். அது வேலை ஒப்பந்தம், பெரும்பாலும் 36 மாதம் வரை சம்பளம். கடன் வாங்கவே தேவையில்லை. இந்த இடத்தை 'வாங்கித் தருகிறேன்' என்று யாராவது காசு கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நல்ல கிளீன் ரூம் இருக்கிறது. சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு அமைப்பு தரும் ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் உள்ள உயர்வின்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

படித்து முடித்தபின்? பேராசிரியர் வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஒற்றை மூலக்கூறு சென்சார் செய்யும் நிறுவனங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனால் எலக்ட்ரான் கற்றையால் நானோ வடிவம் வரையத் தெரிந்தவருக்கும், ஒளியியல் மேசையில் கை பழகியவருக்கும் சிப் துறையில் வேலை உண்டு. சிப் தயாரிக்கும் கருவிகளும் ஒளியியல் பாகங்களும் செய்யும் ஏஎஸ்எம்எல், ஸைஸ் போன்ற நிறுவனங்கள் தேடுவது இத்தகைய ஆட்களைத்தான். ஆகவே ஆய்வுத் தலைப்பைவிட, கையில் என்ன தொழில் ஏறும் என்பதைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் நாட்டைவிட கைடுதான் முக்கியம். நேர்காணலில் அவள் மூன்று விஷயம் கேட்கட்டும்: முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், கிளீன் ரூமில் எத்தனை நாள் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடம் பேராசிரியர் இல்லாமல் தனியாகப் பேசவும் அனுமதி கேட்கட்டும். தயங்கினார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், அந்த இடத்தைப் பற்றி மறுபடி பேசுவோம். கல்யாணக் கேள்வியை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள், அது என் துறை இல்லை.