அப்பாவுக்கு ஒரு நாய்க்குட்டி – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மா காலமான பிறகு அப்பா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். வயது 72, இரத்த அழுத்தமும் லேசான ஆஸ்துமாவும் உண்டு. நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். வளர்ப்புப் பிராணிகள் இரத்த அழுத்தத்தையும் மனச்சோர்வையும் குறைக்கும் என்று படித்தேன். பொங்கலுக்குப் போகும்போது அவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு ஹஸ்கி குட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க நினைக்கிறேன். சோறு வைக்கவும் வெளியே கூட்டிப்போகவும் ஓர் ஆளை அமர்த்திவிடுவேன். அவருக்குச் சிரமம் இருக்காது. ஹஸ்கி சரிவருமா, வேறு இனம் நல்லதா?

பெயர் வேண்டாம்,
பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

ஆஸ்துமாவைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். ஹஸ்கி வேண்டவே வேண்டாம். சைபீரியக் குளிருக்கென்று இரட்டை ரோமத்தோடு பிறந்த ஒரு ஜீவனைத் தஞ்சாவூர் சித்திரை வெயிலில் கட்டிப்போடுவது கொடுமை. நாட்டு நாய்க்குட்டி போதும்.

நீங்கள் படித்தது பொய்யல்ல. 1980இல் எரிகா ஃப்ரீட்மனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரின் ஓராண்டு நிலையை வெளியிட்டார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தனர். 2017இல் ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தபோதும் நாய் வளர்ப்போரிடம் இறப்பு குறைவாகவே இருந்தது, அதிலும் தனித்து வாழ்வோரிடம் வித்தியாசம் கூடுதலாக இருந்தது. ஆனால் உடலில் தெம்பு உள்ளவர்களே நாய் வளர்க்க முன்வருகிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம்.

என் மனத்தில் நெடுநாளாக இருப்பது நாயே இல்லாத வேறோர் ஆய்வு. 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தளத்தாருக்குச் செடி கொடுத்து, தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு, உங்கள் அன்றாடத்தையும் நீங்களே தீர்மானியுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தாருக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் அதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில வாரங்களிலேயே முதல் தளத்தாரிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன. செடி இருவருக்கும்தான் கிடைத்தது. பொறுப்பு ஒரு தளத்தாருக்கு மட்டுமே கிடைத்தது.

அப்பா இறந்த பிறகு என் அம்மா அடுப்பு மூட்டுவதையே விட்டிருந்தாள். பிள்ளைகள் நாங்கள் மாறி மாறிக் கொண்டுபோய் வைத்த சாப்பாடு அப்படியே ஆறிக் கிடக்கும். அந்தச் சமயத்தில் பரணில் ஒரு தெருப்பூனை குட்டி போட்டது. குட்டிகள் கண் திறக்குமுன் தாயைக் காணவில்லை. அம்மா விடியுமுன் எழத் தொடங்கினாள். ஆட்டுப்பாலைக் காய்ச்சி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, துணித்திரியை நனைத்துக் குட்டியின் வாயில் வைப்பாள். அது முன்னங்கால்களால் அவள் கட்டைவிரலைப் பிசைந்துகொண்டே உறிஞ்சும். பாலுக்காக மூட்டிய அடுப்பில் அவளுக்கும் கஞ்சி வெந்தது. பிள்ளைகளின் ஆறுதல் வார்த்தைகள் எழுப்பாதவளை, தான் எழாவிட்டால் ஓர் உயிர் பட்டினி கிடக்கும் என்ற நிலை எழுப்பியது.

நீங்களோ நாயையும் கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஆளையும் அமர்த்துகிறீர்கள்! மனைவி போனபின் ஒருவருக்குத் தன்னைக் கவனிக்க ஆட்கள் கூடக்கூட, தான் கவனிக்க ஒருவரும் இல்லாமல் போகிறது என்பதை எப்போது புரிந்துகொள்வீர்கள்? சோறு வைப்பதும், கழுவிவிடுவதும், காலையில் தெருமுனை வரை நடத்திப்போவதும், அங்கே நாலு பேர் நின்று விசாரிப்பதும்தான் நீங்கள் படித்த நன்மைகள் எல்லாம். அந்தச் சிரமத்தை எடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது குரைப்புச் சத்தம் மட்டுமே. முடியாத நாளுக்கு மட்டும் ஆள் இருக்கட்டும்.

அவரிடம் கேட்காமல் கொண்டுபோவதையும் நான் ஒப்பமாட்டேன். நாய் 10, 15 ஆண்டுகள் வாழும். அவர் படுத்துவிட்டாலோ, அவருக்குப் பின்னோ, அது உங்களுடையது. உங்கள் அடுக்குமாடியில் அதற்கு இடம் உண்டா என்று இப்போதே விசாரியுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுவிடுங்கள். குட்டியின் பல்லோ நகமோ கீறினால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும் என்று அவருக்குச் சொல்லிவையுங்கள்.

பொங்கலுக்கு வெறுங்கையோடு போய், திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் ஏற்கெனவே தினமும் சோறு வைக்கும் தெருநாய் ஏதும் இருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இருந்தால் அதற்குத் தடுப்பூசி போடும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.