கிணற்றில் தண்ணீர் குறைவு. அக்வாகிராப் போன்ற பயிர் மாதிரி மென்பொருளை நம்பிப் பாசனம் செய்யலாமா?

நம்பலாம். ஆனால் முதலில் ஒரு கடப்பாரையோடு போய் உங்கள் காட்டில் குழி தோண்டிப் பாருங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன்.

உடுமலைப் பக்கம் மூன்று ஏக்கர், மக்காச்சோளம். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலம், ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர். அந்த வருடம் எங்கள் முறை இல்லை. ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. கிணற்று மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடினால் காற்றைத்தான் இழுக்கும். வேளாண்மை படிக்கிற மச்சான் மகன் அக்வாகிராப்பை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2009-ல் வெளியிட்டது, இலவசம். வெயில், மழை, மண், பயிர் விவரம் கொடுத்தால் வேர் போகும் ஆழத்தில் அன்றன்றைக்கு எவ்வளவு ஈரம் மிச்சம் என்று கணக்குப் போடும்.

மண் ஆழம் கேட்டது. செம்மண் காடுதானே என்று 1.2 மீட்டர் போட்டோம். அடுத்த தண்ணீர் 13 நாள் கழித்துப் போதும் என்றது. ஏழாம் நாள் காலை பத்து மணிக்கே இலை சுருண்டுவிட்டது. "பயிரு வாடுது, நீ பொட்டியப் பாத்துட்டு உக்காந்திருக்கியே கண்ணு" என்றார் அம்மா. கடப்பாரையைப் போட்டேன். ஒன்றரை அடியில் ணங்கென்றது. சுக்கான் பாறை, வேர் இறங்காத சுண்ணாம்புக் கெட்டி.

மென்பொருள் மேல் தப்பில்லை. எங்கள் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 110 மி.மீ. தண்ணீர் பிடிக்கும் என்று வைத்தால் 45 செ.மீ.க்கு 50 மி.மீ.தான். அதில் சுமார் 27 மி.மீ. வரைதான் பயிர் சிரமப்படாமல் எடுக்கும். தினம் ஐந்தரை மி.மீ. குடிக்கிற பயிருக்கு ஐந்து நாள் பாடு.

ஆழத்தைத் திருத்தியதும் அது காட்டியதுதான் வயிற்றைக் கலக்கியது. மூன்று ஏக்கருக்கும் பங்கு போட்டால், கதிரில் நூல் விடும் நேரத்தில், அதாவது பூக்கும் பருவத்தில், கிணறு கைவிரித்துவிடும். அதே ஐ.நா. அமைப்பின் 1979-ம் வருடக் கணக்குப்படி, இலை வளரும் பருவத்தில் பயிருக்குத் தேவையான தண்ணீரில் 10 சதவீதம் குறைந்தால் விளைச்சலில் 4 சதவீதம் போகும். பூக்கும்போது குறைந்தால் 15. சரி என்று ஒரு ஏக்கரைப் பச்சைத் தட்டாக அறுத்து மாட்டுக்குப் போட்டேன். மீதி இரண்டில் 46 மூட்டை வந்தது.

"எங்க தாத்தா லேப்டாப் வைத்தா வெள்ளாமை பண்ணினார்" என்று கீழே ஒருவர் நிச்சயம் வருவார். தாத்தா காலத்தில் கிணற்றில் 40 அடியில் தண்ணீர் இருந்ததுங்க. நன்றாக நிற்கிற பயிரை அறுத்துப் போடும் தைரியம் எனக்கு அனுபவத்தில் வரவில்லை, மென்பொருள் போட்டுக் காட்டிய கோட்டுப்படத்தைப் பார்த்துத்தான் வந்தது. ஒரே போகத்துக் கதைதான், ஒப்புக்கொள்கிறேன். கரிசல் காட்டுக்காரர்களுக்குக் கணக்கே வேறு. அப்புறம், மென்பொருள் புதன்கிழமை என்றால் மும்முனைக் கரண்ட் வியாழன் நடுராத்திரி வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

இன்னொன்று, கேட்காத விஷயம்தான். நான்கு மாதம் மண்ணின் ஈரத்தை மில்லிமீட்டரில் எண்ணினேன். களத்துக்கு வந்த வியாபாரி ஈரம் அளக்கும் தன் மீட்டரைச் சோளத்துக்குள் விட்டு 17 சதவீதம் என்றார். என் மீட்டர் 14 காட்டியது. ஈரம் அதிகமாம், மூட்டைக்கு மூன்று கிலோ கழித்துக்கொண்டு போனார்.