ஆறு கிளப் மாறினா ஆடத் தெரியாதவனா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோல்கீப்பர்கள் பத்தி நீங்க முன்னாடி எழுதினத படிச்சிட்டுதான் இத எழுதறேன். என் தம்பி ஒரு கோல்கீப்பர், இப்ப 27 வயசு. எட்டு வருஷத்துல ஆறு கிளப், அதுல ரெண்டு லோன், அதாவது கொஞ்ச காலத்துக்கு இன்னொரு கிளப்புக்கு அனுப்பி வைக்கறது. லீக்ல ஆடினது மொத்தமே 41 மேட்ச்தான், மத்ததெல்லாம் பெஞ்ச். கடைசியா இருந்த கிளப்ல ரெண்டு மாச சம்பளம் இன்னும் வரல. வீட்டுக்கு வந்தா சொந்தக்காரங்க "இப்ப எந்த டீம்ப்பா?"ன்னு கேட்டு சிரிக்கறாங்க, அவன் ஒண்ணும் பேசாம ரூமுக்குள்ள போயிடறான். போன வாரம் "அக்கா, நான் தோத்துட்டேனா?"ன்னு கேட்டான். ஆறு இடத்துலயும் வச்சுக்கலன்னா குறை இவன்கிட்டதானோன்னு எனக்கும் உள்ளுக்குள்ள தோணுச்சு, அவன்கிட்ட சொல்லல. நீங்க என்ன நினைக்கறீங்க? என் பேர் போட வேணாம்.

—

அன்புள்ள தங்கச்சிக்கு,

இல்லம்மா, தோக்கல. உங்கள சமாதானப்படுத்தறதுக்காக சொல்லல. கீப்பர்களோட வேலைய ரொம்ப வருஷமா உத்துப் பாத்துட்டு இருக்கேன், அத வச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல இந்த இடக் கணக்கப் பாருங்க. ஒரு டீம்ல இருபத்தஞ்சு பேர் இருந்தா அதுல மூணு பேர் கீப்பர், கிரவுண்டுல நிக்கறது ஒரே ஒருத்தர். மிட்ஃபீல்டர் ஒருத்தருக்கு அவரோட இடம் கிடைக்கலன்னா இடது பக்கம் போட்டுப் பாப்பாங்க, வலது பக்கம் போட்டுப் பாப்பாங்க, கடைசி இருபது நிமிஷமாவது இறக்கி விடுவாங்க. இப்பல்லாம் ஒரு மேட்ச்ல அஞ்சு பேர மாத்தலாம், அந்த அஞ்சுல கீப்பர் மாறி நீங்க எத்தன தடவ பாத்திருக்கீங்க? அடிபட்டாலோ ரெட் கார்டு வாங்கினாலோதான் மாத்துவாங்க. முன்னாடி நிக்கறவர் தப்பு பண்ணாம ஆடிட்டு இருந்தார்னா பின்னாடி இருக்கறவர் ட்ரெய்னிங்ல எவ்ளோ பிரமாதமா பண்ணாலும் ஒரு சீசன் முழுக்க ட்ராக்சூட்டோடயே முடிஞ்சு போயிடும். அப்ப ஆடியே ஆகணும்னு நினைக்கற கீப்பர் என்னதான் பண்ணுவார், கிளம்பத்தான் செய்வார். ஒரே கிளப்ல அசையாம உக்காந்துக்கறதுதான் சுலபம். உங்க தம்பி ஆறு தடவ பெட்டி கட்டினதுல பாதியாவது பெஞ்ச்ல உக்காந்து வயசாக மனசு வராமதான் இருக்கும்னு நினைக்கறேன், அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க.

அப்படி கிளம்பறதும் நினைச்ச நேரத்துல முடியாது. ஃபிஃபா ரூல்படி ஒரு சீசன்ல மூணு கிளப் வரைக்கும் பதிவு பண்ணிக்கலாம், ஆனா ரெண்டு கிளப்புக்குத்தான் மேட்ச் ஆடலாம். அதனால ஆகஸ்ட்ல ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு கப் மேட்ச்ல நின்னுட்டு, ஜனவரில லோன்ல இன்னொரு எடத்துக்குப் போய் ஒரு மேட்ச் ஆடிட்டீங்கன்னா, அந்த ரெண்டும் பேருக்கு ஆடினதா இருந்தாலும் அந்த சீசன் கதவு பொதுவா மூடியாச்சு. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு "சும்மா உக்காந்திருக்கான்"னுதான் தெரியும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நிறைய பேர் கீப்பர்னா பாயறது பிடிக்கறதுன்னு மட்டும் நினைக்கறாங்க. போஸ்ட் உலகம் பூரா ஒரே அளவுதான், 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அத எங்க கொண்டுபோய் நட்டாலும் கீப்பருக்குத் தெரியும், முன்னாடி நிக்கற நாலு டிஃபென்டர்தான் மாறிட்டே இருப்பாங்க. ஒரு தடவ கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னு ஒரு மேட்ச் பாத்தேன். அந்த கீப்பர் டீமுக்கு வந்து மூணு நாள்தான் ஆச்சுன்னு பக்கத்துல இருந்தவர் சொன்னார். பக்கவாட்டுல இருந்து போஸ்ட்டுக்கு முன்னாடி தூக்கிப் போடற பந்து, முதல் கிராஸ் வந்துச்சு, இவர் "கீப்பர்!"னு கத்தினது அரை நொடி லேட், நடுவுல நிக்கற டிஃபென்டர், அந்த சென்டர்-பேக்கும் எகிறிட்டார், ரெண்டு பேரும் மோதி பந்து வெளிய போய் கார்னர். கூட்டம் திட்டுச்சு. அடுத்து ஆட்டம் நின்னப்ப இவர் நேரா அந்த சென்டர்-பேக்கிட்ட போய் தோள்ல கைய போட்டு சின்ன பாக்ஸ் கோட்ட காட்டி என்னமோ சொன்னார், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தா எனக்கு, அந்தப் பக்கம்னா உனக்குன்னு கையாலயே புரிஞ்சுது, அவரும் தலையாட்டினார். ஒரு இருபது நிமிஷம் கழிச்சு கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கிராஸ். இவர் கத்தினார், அந்த சென்டர்-பேக் பந்து வர்ற திசைய பாக்கக்கூட இல்ல, தலைய குனிஞ்சு வழி விட்டுட்டார், இவர் மேல எகிறி ரெண்டு கையாலயும் வாங்கிட்டு அப்படியே கீழ விழுந்து பந்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். மூணு நாள் பழக்கம்தாங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் தன் முதுகுக்குப் பின்னாடி நிக்கறவர நம்பி தலைய குனியறார்னா அந்த நம்பிக்கைய வாங்கறது எவ்ளோ பெரிய வேல! ஒரே கிளப்ல பத்து வருஷம் நிக்கற கீப்பர் அத ஒரு தடவ சம்பாதிச்சா போதும். உங்க தம்பி ஆறு தடவ பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கார்.

அப்பறம் பெஞ்ச். ஸ்காட் கார்சன்னு ஒரு இங்கிலாந்து கீப்பர், 2005 மே மாசம் இஸ்தான்புல்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், லிவர்பூல் 0-3ல இருந்து எழுந்து வந்து ஜெயிச்சாங்களே அந்த மேட்ச்ல, 19 வயசுல லிவர்பூல் பெஞ்ச்ல இருந்தார். 2007 நவம்பர்ல யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கப், அதோட தகுதிச் சுற்றுல வெம்ப்ளில இங்கிலாந்துக்கு குரோஷியாவோட மேட்ச், எட்டாவது நிமிஷம் நிக்கோ கிராஞ்சார் தூரத்துல இருந்து அடிச்ச பந்து முன்னாடி குத்தி இவர் கைல பட்டு உள்ள போயிடுச்சு, இங்கிலாந்து 3-2ல தோத்து யூரோவுக்கே போகல. வயசு 22தான், நாடே அவர் பேர சொல்லி திட்டுச்சு. அதுக்கப்பறம் வெஸ்ட் பிராம், துருக்கில புர்சாஸ்போர், விகன், டெர்பின்னு போய் 2019ல மான்செஸ்டர் சிட்டிக்கு மூணாவது கீப்பரா வந்தார். சிட்டில இருந்த ஆறு சீசன்ல மொத்தமே ரெண்டு மேட்ச்தான் ஆடினார். அதுல ஒண்ணு 2021 மே மாசம் நியூகாசில்ல, பிரீமியர் லீக்ல ஏறக்குறைய பத்து வருஷம் கழிச்சு இறங்கறார், ஒரு பெனால்டிய தடுத்தும் போட்டார், பந்து திரும்பி அடிச்சவர் கால்லயே விழுந்து கோல் ஆயிடுச்சு. 2023 ஜூன்ல சிட்டிக்கு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், அதே இஸ்தான்புல், அதே ஸ்டேடியம், மறுபடியும் பெஞ்ச்ல 37 வயசுல கார்சன், மறுபடியும் கப். நடுவுல பதினெட்டு வருஷம் ஓடிப்போச்சு. ரெண்டு ஃபைனல்லயும் ஒரு நிமிஷம்கூட ஆடல. ஆனா அவர ஏன் வச்சிருந்தாங்க? தினமும் காலைல உலகத்துலயே பெரிய ஸ்ட்ரைக்கர்ங்க அடிக்கற பந்துக்கு முன்னாடி ஒருத்தர் முழு மனசோட பாயணும், மூஞ்சிய தூக்கி வச்சுக்காம, இன்னைக்கு மேட்ச்ல எனக்கு இடம் இல்லைன்னு தெரிஞ்சும் பாயணும். அதுக்கு ஆள் கிடைக்கறது ரொம்ப கஷ்டம்மா.

இன்னொருத்தர் ஜிம்மி கிளாஸ். இவர் கதைய நினைச்சா எனக்கு சந்தோஷமும் வருத்தமும் ஒண்ணா வரும். 1999ல கார்லைல் யுனைடெட் இங்கிலாந்து லீக்ல கடைசி டிவிஷன்ல, கடைசி மேட்ச் ஜெயிக்கலன்னா லீக்க விட்டே வெளிய. அவங்ககிட்ட கீப்பர் இல்ல, டிரான்ஸ்ஃபர் கெடுவும் முடிஞ்சிடுச்சு, தனியா அனுமதி வாங்கி ஸ்விண்டன்ல இருந்து கிளாஸ லோன்ல கூட்டிட்டு வந்தாங்க. மே 8, பிளைமவுத்தோட 1-1, இன்னும் பத்து நொடி இருக்கு, கார்னர். கோல்போஸ்ட்ட விட்டுட்டு கிளாஸ் மறு பாக்ஸுக்கு ஓடறார். தலையில முட்டின பந்த எதிர் கீப்பர் தட்டி விட, கிளாஸ் காலுக்கு வருது, அடிச்சார், கோல்! ஒரு கிளப்ப காப்பாத்தினார், இன்னொரு கிளப், ஸ்கார்பரோ, அந்த ஒரு உதையில கடைசி இடத்துக்குப் போய் லீக்ல இருந்து வெளிய போச்சு. கார்லைலுக்கு அவர் ஆடினது மூணே மூணு மேட்ச். ஆனா அதுக்கப்பறம் அவருக்கு நிலையா ஒரு எடம் அமையல, 27 வயசுலயே நிறுத்திட்டார், டாக்சி ஓட்டினார். ஆமா, உங்க தம்பியோட இப்போதைய வயசுதான். எல்லா கதையும் நல்லா முடியும்னு சொன்னா பொய், அதனாலதான் இதையும் மறைக்காம சொல்றேன். ஆனா கார்லைல் ஆளுங்ககிட்ட போய் மூணு மேட்ச் ஆடினவர் எல்லாம் ஒரு கீப்பரான்னு கேட்டுப் பாருங்க!

வயச பத்தி கவலப்படாதீங்க. ஓடற ஆட்டக்காரங்களுக்கு 27 உச்சம், கீப்பருக்கு அப்பதான் கோணமெல்லாம் பிடிபட ஆரம்பிக்கும். ஜான் பர்ரிட்ஜ்னு ஒரு நாடோடி கீப்பர், முப்பதுக்குக் கிட்ட கிளப் பாத்தவர், 1991ல ஹிபர்னியன் கிளப்புக்கு ஆடி ஸ்காட்லாந்து லீக் கப் ஜெயிச்சப்ப வயசு 39, 1995ல மான்செஸ்டர் சிட்டிக்கு பிரீமியர் லீக்ல நின்னப்ப 43. அப்பறம் ஓமனுக்கு கோச்சா போய் அலி அல்-ஹப்சிங்கற பையன அடையாளம் கண்டார், அந்தப் பையன் பின்னாடி போல்ட்டன், விகன்னு பிரீமியர் லீக் வரைக்கும் போனார். இத்தன வகை டிஃபென்ஸுக்குப் பின்னாடி நின்னவருக்குத்தான் ஒரு பையன் நிக்கற விதத்துலயே விஷயம் தெரியும்னு நினைக்கறேன். அதனால தம்பி ஆடிட்டு இருக்கும்போதே கீப்பர் கோச்சிங் லைசென்ஸுக்கு படிக்க ஆரம்பிக்கட்டும், ஆட்டத்த நிறுத்த வேணாம், ரெண்டும் சேந்தே போகட்டும்.

சம்பள விஷயம், இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. ரெண்டு மாச சம்பளத்த கிளப் தராம நிறுத்திட்டா, குறைஞ்சது 15 நாள் கெடு கொடுத்து எழுத்துல நோட்டீஸ் அனுப்பலாம், அப்பயும் தரலன்னா கான்ட்ராக்ட்ட முறிச்சுக்க நியாயமான காரணம் இருக்குன்னு ஃபிஃபாவோட டிரான்ஸ்ஃபர் ரூல்ஸே சொல்லுது. கான்ட்ராக்ட் ஏற்கனவே முடிஞ்சிருந்தாலும் பாக்கி பாக்கிதான், விட்டுக்கொடுக்க வேணாம். போன்ல பேசினது, "அடுத்த வாரம் தரோம்"னு சொன்னது எல்லாம் கணக்குல வராது, எழுத்துல இருக்கணும். வீரர்கள் சங்கம் இருந்தா அவங்ககிட்ட போகட்டும், கான்ட்ராக்ட் பேப்பர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எடுத்து வச்சுக்கட்டும்.

குறை அவர்கிட்டதானோன்னு கேட்டிருந்தீங்க. இருக்கலாம், 41 மேட்ச்ல ஒண்ணக்கூட நான் பாக்கல, பாக்காம தீர்ப்பு சொல்ல மாட்டேன். கிராஸ்ல தடுமாறலாம், கால்ல பந்து வந்தா பதறலாம், 1992ல சொந்த டீம் ஆள் கால்ல தள்ளிக் குடுக்கற பேக்-பாஸ கைல எடுக்கக்கூடாதுன்னு ரூல் வந்ததுல இருந்து கால் வராத கீப்பருக்கு பாடுதான். அதெல்லாம் கோச் பாத்து திருத்தற விஷயம். ஆறு கிளப்ங்கற எண்ணிக்கை மட்டும் அந்தக் குறைக்கு சாட்சி ஆகாது.

இன்னைக்கு சாயங்காலம் அவர் ரூமுக்குப் போய் உக்காருங்க. தோத்தியா ஜெயிச்சியான்னு பேச வேணாம். கடைசி கிளப்ல முன்னாடி நின்ன நாலு டிஃபென்டர்ல யாருக்கு எந்தக் கால் வராது, யார் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டான், யாருக்கு ரெண்டு தடவ கத்தணும்னு கேளுங்க. சொல்ல ஆரம்பிச்சார்னா சாப்பாட்டு நேரம் தாண்டியும் சொல்லிட்டு இருப்பார், குறுக்க பேசாம கேட்டுக்கங்க.

அன்புடன்,
அண்ணன்